அதிகம் அழைக்கப்பட்ட கைகள்

ஒரே பருவத்தில் மிக அதிகமான ஆட்டங்களில் பந்தெறிந்தவர் யார் என்று அமெரிக்க பேஸ்போல் ரசிகரிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: மைக் மார்ஷல், 1974, 106 ஆட்டங்கள். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிக்காக அவர் எறிந்த அந்தப் பருவத்தில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். அரை நூற்றாண்டு கடந்தும் 106 அப்படியே நிற்கிறது. இனி யாரும் அதை எட்டப்போவதில்லை என்பது பொதுவான அபிப்பிராயம். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ஹட்டன், நுவரெலியா பக்கம் பேஸ்போல் மட்டையைத் தொட்டுப் பார்த்தவர்களே குறைவு. கேள்வி மட்டும் நமக்கு அந்நியமானதல்ல. எந்தக் கையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், ஏன் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் கை கடைசியில் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். டெஸ்ட் கிரிக்கெட்டில் இதுவரை மிக அதிகமான பந்துகளை வீசிய கை, மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவருடைய பேரனின் கை. அதனால் அமெரிக்காவில் தொடங்கி இங்கே வந்து சேருவது சுற்றுவழியாகாது.

பேஸ்போலில் பந்தெறிபவருக்கு இரண்டு வகை வேலை உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் ஒருவர்; அவர் நூறு பந்து வரை எறிந்துவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். அவர் களைத்ததும், அல்லது அடிவாங்கத் தொடங்கியதும், நடுவில் உள்ளே வருபவர் மற்றவர். இந்த இடைவரவுக்காரர்தான் இன்றும் நாளையும் மறுநாளும் அழைக்கப்படுவார். ஆகவே அதிக ஆட்டங்களின் பட்டியல் முழுக்க அவர்களுடைய பட்டியல்.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது நம்முடைய தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலை நினைத்துக்கொள்வது உதவும். காலையில் பெரட்டுக்கு வந்து மலைக்குப் போனால் பேர் விழும். எடுத்த கொழுந்து நிறுவையில் தனிக் கணக்கு. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். பேஸ்போல் பட்டியலில் அரைப்பேர் என்பதே கிடையாது. ஒரேயொருவருக்கு எறிந்துவிட்டு வெளியேறினாலும் முழுப்பேர், மூன்று மணி நேரம் எறிந்தாலும் முழுப்பேர். இன்னொன்றும் சொல்லலாம். 106ஐ 162ஆல் வகுத்தால் 65 வீதம். நம்முடைய பழைய கூட்டு ஒப்பந்தப்படி வருகைக் கொடுப்பனவு பெற 75 வீதம் வேண்டியிருந்தது. உலக சாதனைக்காரருக்கு அது கிடைத்திருக்காது!

வேடிக்கை போதும், கிலோவைப் பார்ப்போம். மார்ஷலுக்கு அடுத்து 94 ஆட்டங்களில் இருவர்: 1979இல் பிட்ஸ்பேர்க் அணியின் கென்ட் டெகல்வி, 2006இல் அதே அணியின் சலமோன் டொரஸ். 92 ஆட்டங்களில் 1973இன் மார்ஷல் மறுபடி வருகிறார், அவரோடு 2010இல் நியூயோர்க் மெட்ஸ் அணியின் பெட்ரோ ஃபெலிசியானோ. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தெரியும். எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்யும்வரை எறிந்தார்கள் என்று பார்த்தால் நெருக்கம் கலைந்துவிடும். 1974இல் மார்ஷல் எறிந்தது 208 இன்னிங்ஸுக்கும் சற்று மேல். அதாவது, இன்னிங்ஸுக்கு மூன்றாக, 625 ஆட்டமிழப்புகள், ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஆறு. டெகல்விக்கு நான்கு சொச்சம். டொரஸுக்கு மூன்று. ஃபெலிசியானோவுக்கு இரண்டே இரண்டு. பேர் ஒன்றுதான், கூடையின் கனம் வேறு வேறு.

ஃபெலிசியானோ இடக்கைக்காரர். எதிரணியின் இடக்கை மட்டையாளர் ஒருவர் வரும்போது மட்டும் அவரை உள்ளே அனுப்புவார்கள், வேலை முடிந்ததும் திரும்ப அழைப்பார்கள். இந்த உத்தி 1990களில் வேகம் பிடித்து, 2020இல் ஒரு விதியால் ஒடுக்கப்பட்டது. உள்ளே வருபவர் குறைந்தது மூன்று பேருக்கு எறிய வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸில் எதிரணியின் அரைச்சுற்று முடிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இந்த மாற்றத்துக்கு முன்பே 90ஐத் தொடுவது அபூர்வமாகிவிட்டது. 2010க்குப் பின் எவரும் தொடவில்லை.

லேசான கூடை என்பதால் ஃபெலிசியானோவுக்குச் சேதமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2008, 2009, 2010 மூன்று பருவங்களிலும் அவரே அதிக ஆட்டங்களில் எறிந்தவர்: 86, 88, 92. அடுத்து நியூயோர்க் யாங்கீஸ் அவரை இரண்டாண்டு ஒப்பந்தத்தில், 80 இலட்சம் டொலருக்கு எடுத்தது. தோள்பட்டை போய்விட்டது. யாங்கீஸ் அணிக்காக முதன்மை லீக்கில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. பழைய அணி அவரை வதைத்துவிட்டது என்று புதிய அணியின் முகாமையாளர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். எறியும் பந்துகள் மட்டும் கணக்கல்ல. ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் கையைச் சூடேற்ற எறியும் பந்துகள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அழைப்பார்கள் என்று சூடேற்றி, அழைக்காமலே விட்ட நாட்களும் உண்டு. அவையும் ஏறுவதில்லை.

பழைய காலத்துக் கதையே வேறு. 19ஆம் நூற்றாண்டில் அணிக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். 1879இல் சின்சினாட்டியின் வில் வைட் 75 ஆட்டங்களைத் தொடங்கி 75ஐயும் தானே முடித்தார், 680 இன்னிங்ஸ். 1884இல் ப்ரொவிடன்ஸ் அணியின் சார்லி ரட்போர்ன் அதற்கு நெருங்கினார். அவரோடு பங்கிட்டு எறிந்த மற்றவர் பருவத்தின் நடுவில் அணியை விட்டுப் போய்விட, மீதி ஆட்டங்களைத் தானே எறிகிறேன் என்று ரட்போர்ன் முதலாளிகளிடம் பேரம் பேசினார். கூடுதல் சம்பளமும், பருவம் முடிந்ததும் அணியோடு கட்டிப்போடும் ஒப்பந்தத்திலிருந்து விடுதலையும் அவர் கேட்ட விலை. கையை அவர் வாடகைக்கு விட்டார், தெரிந்தே விட்டார். ரட்போர்னின் அந்தப் பருவத்தில் எறியும் தூரம் 50 அடி. இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893இல்தான் வந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்கி எறிவதற்கே அந்த 1884இல்தான் முழு அனுமதி. ஆகவே அந்த எண்களை மார்ஷலின் எண்ணோடு ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

ஜப்பான் ஒரு இடைவழி. 1961இல் நிஷிடெட்சு லயன்ஸ் அணியின் இனாவோ கசுஹிசா 78 ஆட்டங்களில் எறிந்து 42ஐ வென்றார். கடவுளுக்கும் புத்தருக்கும் அடுத்து அவரை வைத்து ரசிகர்கள் கும்பிட்டார்கள். சில ஆண்டுகளில் தோள் பழுதாகி, வெற்றியே இல்லாத பருவத்தையும் அதே மனிதர் பார்த்தார். அங்கே இன்றைய சாதனை 2007இல் ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் குபோதா தொமொயுகி எறிந்த 90 ஆட்டங்கள். அதுவும் 144 ஆட்டப் பருவத்தில்.

1974க்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்த முழுக் கேள்வியும் அந்த ஒரே அணியில், அந்த ஒரே ஆண்டில் அடங்கிக் கிடக்கிறது. ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை டொட்ஜர்ஸ் ஆடிய 13 ஆட்டங்களில் தொடர்ச்சியாக மார்ஷல் எறிந்தார். அதுவும் இன்னொரு சாதனை. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 17இல், அதே அணிக்கு ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் இடக்கைக்காரர் டொமி ஜோன் ஒரு பந்தை எறிந்தபோது முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்தது. அதுவரை அப்படி அறுந்தவர்களின் ஆட்டவாழ்வு அத்தோடு முடிந்தது. செப்டெம்பர் 25இல் வைத்தியர் ஃபிராங்க் ஜோப், டொமி ஜோனின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கோத்துக் கட்டினார். 1976இல் மீண்டு வந்த டொமி ஜோன் 1989 வரை எறிந்தார். இன்று உலகமெங்கும் அந்த அறுவைச் சிகிச்சைக்கு நோயாளியின் பெயர்தான்.

ஓய்வெடுத்து எறிந்தவரின் கை அறுந்தது, ஓயாமல் எறிந்தவரின் கை அந்த ஆண்டு தாங்கியது. இதற்கு விளக்கம் உண்டா? மார்ஷலிடம் கேட்டிருந்தால் உண்டு என்பார். உடலியக்கவியலில் ஆய்வு செய்து 1978இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். கையை எப்படிச் சுழற்றினால் முழங்கைக்குச் சேதமில்லை என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். அணிகள் அவர் பேச்சைப் பெரிதாக எடுக்கவில்லை. சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருதை இடைவரவுக்காரர்கள் பெறுவது 1974இல் அவரிலிருந்துதான் தொடங்கியது. அவருடைய பாடத்தை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நேர்மையாகச் சொன்னால் மறுதரப்பும் உண்டு: அடுத்த ஆண்டே விலாவில் காயம்பட்டு அவருடைய ஆட்டங்கள் 57ஆகக் குறைந்தன. 1979இல் மின்னசோட்டாவுக்காக 90 ஆட்டங்களோடு எழுந்தும் வந்தார். ஆகவே உத்தி, உடல்வாகு, அதிர்ஷ்டம் மூன்றையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. டெகல்வியைப் பார்த்தால் உத்தியின் பங்கு கொஞ்சம் தெளிகிறது. ஒல்லியான மனிதர், கையை இடுப்புக்குக் கீழிருந்து வீசுபவர், 1,050 ஆட்டங்கள் எறிந்தார். வேகத்தை நம்பாதவர்கள் நீண்டு உழைக்கிறார்கள்.

கிரிக்கெட்டிலும் அதுவே நிலைமை. கையை நீட்டியே வீச வேண்டும் என்பதால் இங்கே முழங்கைக்கு வரும் ஆபத்து குறைவு. வேகப்பந்தாளரின் முதுகெலும்பு, முழங்கால், கணுக்கால்தான் பழுதாகும். லசித் மாலிங்க 30 டெஸ்ட்டோடு 2011இல் ஐந்து நாள் ஆட்டத்துக்கு விடைசொன்னதற்கு முழங்கால்தான் காரணம். சுழற்பந்தாளருக்கு இந்தத் தேய்வு மெதுவாக வரும். அதனால்தான் பாரத்தையெல்லாம் அவர்கள் தலையில் ஏற்றிவிட முடிகிறது. இங்கிலாந்துக் கவுண்டி ஆட்டத்தில் கென்ட் அணியின் குட்டையான லெக்ஸ்பின்னர் ‘டிச்’ ஃப்ரீமன் 1928 பருவத்தில் 304 விக்கெட் எடுத்தார். ஒரே பருவத்தில் 300 என்பது வேறு எவருக்கும் வாய்க்கவில்லை.

இனி நம் ஊருக்கு. முத்தையா முரளிதரனின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மத்திய இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பின்னாளில் அவர் திரும்பிப் போனார். மகன் முத்தையா கண்டியில் தங்கி பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1972இல் பிறந்த பேரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசத் தொடங்கி, 14 வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்கேட்டு சுழலுக்கு மாறினார். 1992 முதல் 2010 வரை 133 டெஸ்ட், 800 விக்கெட் என்பதெல்லாம் ஊரறிந்தது. அதிகம் பேசப்படாதது 44,039. அவ்வளவு பந்துகள். அடுத்த இடத்தில் அனில் கும்ப்ளே 40,850, பிறகு ஷேன் வோர்ன் 40,705. 188 டெஸ்ட் ஆடிய வேகப்பந்தாளர் ஜேம்ஸ் அண்டர்சன்கூட 40,037இல் நின்றார்.

மொத்தத்தை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் படம் இன்னும் துலங்கும். முரளிக்கு ஒரு டெஸ்ட்டுக்கு 55 ஓவர். கும்ப்ளேக்கு 52க்குச் சற்றுக் குறைவு. வோர்னுக்கு 47. அண்டர்சனுக்கு 36க்கும் கீழே. வோர்னின் பக்கத்தில் மெக்ரா இருந்தார், கில்லஸ்பி இருந்தார், லீ இருந்தார். முரளியின் பக்கத்தில் நீண்ட காலம் நம்பக்கூடியவராக இருந்தது சமிந்த வாஸ் ஒருவரே. 2005இல் வோர்ன் 15 டெஸ்ட்டில் 96 விக்கெட் எடுத்தார், ஓர் ஆண்டின் சாதனை அது. 2006இல் முரளி 11 டெஸ்ட்டில் 90. பட்டியல் வோர்னை மேலே வைக்கிறது. பேரும் கிலோவும் என்று முன்னர் சொன்ன கணக்கில் நான் முரளியை மேலே வைப்பேன்.

1998 ஓகஸ்ட், ஓவல் மைதானம். அர்ஜுன ரணதுங்க நாணயச்சுழற்சியில் வென்று, துடுப்பாட்டத்துக்கு இதமான ஆடுகளத்தில் இங்கிலாந்தை ஆடச் சொன்னார். வர்ணனையாளர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். ரணதுங்கவின் கணக்கு வேறு. முதலில் ஆடி, இங்கிலாந்தைச் சுருட்டி, தொடர்ந்து மறுபடி ஆடவைக்கும் நிலை வந்தால் முரளி இரண்டு இன்னிங்ஸையும் ஓய்வின்றி வீச வேண்டியிருக்கும். இங்கிலாந்து முதலில் ஆடினால் நடுவில் நம்மவர்கள் மட்டை பிடிக்கும் நேரமெல்லாம் முரளிக்கு ஓய்வு. அப்படியே நடந்தது. இங்கிலாந்து 445, முரளி 59.3 ஓவர், 155 ஓட்டம், 7 விக்கெட். பிறகு சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152, இலங்கை 591. அந்த நேரத்தில் பெரும்பகுதியும் முரளி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 54.2 ஓவர், 65 ஓட்டம், 9 விக்கெட். மீதி ஒருவர் ரன்அவுட். பத்து விக்கெட்டால் வெற்றி. மொத்தம் 683 பந்துகள் வீசிய ஒரு கைக்கு, நடுவில் ஓய்வு கிடைக்கும்படி ஆட்டத்தின் வரிசையையே திருப்பிப் போட்ட அணித்தலைவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாரத்தை ஏற்றியவர் ரணதுங்கதான். ஏற்றும்போது எண்ணத் தெரிந்தவர்.

எல்லா ஆண்டும் ஓவல் ஆண்டாக இருக்கவில்லை. 2004இல் முரளியின் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் வெளியே இருந்தார். வீசும்போது அவருடைய முழங்கை மடிந்து நிமிர்கிறதா என்று 1995 மெல்பேர்ன் நோபோல் தொடங்கி உலகம் பத்தாண்டு வாதாடியது. பழுதானது தோள். அதைப் பற்றி யாரும் வாதாடவில்லை.

ஒரே டெஸ்ட்டில் 683 பந்து என்பதே மலைப்பாக இருந்தால், அதற்கும் மேலே ஒருவர் இருக்கிறார். திரினிடாட்டின் சொனி ராமதீன். 1957இல் பர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டனில் முதல் இன்னிங்ஸில் 31 ஓவர் வீசி 49 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்தார். இரண்டாவதில் பீட்டர் மேயும் கொலின் கவுட்ரியும் காலை முன்னே நீட்டி, காப்பாலேயே பந்தைத் தடுத்துத் தடுத்து 411 ஓட்டம் சேர்த்தார்கள். அன்றைய விதி அதற்கு இடம் கொடுத்தது. ராமதீன் 98 ஓவர் வீசினார். ஓர் இன்னிங்ஸில் 588 பந்து, ஓர் ஆட்டத்தில் 774 பந்து. இரண்டும் இன்றுவரை டெஸ்ட் சாதனைகள். அந்த இன்னிங்ஸில் அவருக்குக் கிடைத்தது 2 விக்கெட். அந்த ஆட்டத்துக்குப் பின் இங்கிலாந்து மட்டையாளர்கள் அவரைக் கண்டு பயப்படவில்லை.

ராமதீன் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வழிவந்தவர், மேற்கிந்திய அணிக்கு ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர். ஒரே ஆட்டத்தில் அதிகப் பந்து வீசியவர் கரும்புத் தோட்டத்து வழி, வாழ்நாளில் அதிகப் பந்து வீசியவர் தேயிலைத் தோட்டத்து வழி. பரம்பரையாகப் பாடுபட்ட உடம்பு என்று இதற்குப் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. தோட்ட நிர்வாகமும் ஒரு காலத்தில் அதைத்தான் சொல்லிக் கூடையை நிரப்பச் சொன்னது. இருவரும் அவ்வளவு வீசியதற்குக் காரணம் வெளிப்படையானது: இருவரும் சுழற்பந்தாளர்கள், இருவருடைய அணித்தலைவருக்கும் அந்த நேரத்தில் வேறு ஆள் இல்லை. மார்ஷலுக்கும் ரட்போர்னுக்கும் இதே விளக்கம்தான். அதிக அழைப்பு திறமைக்குச் சான்று என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அணியின் வறுமைக்குச் சான்று. முரளி ஓய்வு பெற்ற பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். ரங்கன ஹேரத் 34 வயதில், 2012இல், 10 டெஸ்ட்டில் 60 விக்கெட் எடுத்தார். பாரம் குறையவில்லை, கை மட்டும் மாறியது.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாரம் வேறு வடிவில் வருகிறது. ரதெல்லையிலும் டரவெலவிலும் துரைமார் போட்ட கழக மைதானங்கள் இன்றும் பச்சையாக இருக்கின்றன. லயத்துப் பிள்ளைக்குத் தோல்பந்தும் வலைப்பயிற்சியும் எட்டுவது அபூர்வம். முரளிக்கு எட்டியது குடும்பம் கண்டிக்கு வந்து, கட்டுகஸ்தோட்டையில் படிக்கவைத்ததால். மற்றவர்களுக்கு மென்பந்துச் சுற்றுப்போட்டிதான் உலகக் கிண்ணம். விடுமுறை நாளில் ஒரே மைதானத்தில் காலை முதல் மாலை வரை ஆட்டம். ஓர் அணி இறுதிவரை போனால் அன்றைக்கே நான்கைந்து ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருவருக்கு இத்தனை ஓவர்தான் என்று விதி உண்டு. நாள் முழுதுக்கும் விதி கிடையாது. நன்றாக வீசும் பையன் ஒருவனே ஐந்து ஆட்டத்திலும் முழு ஒதுக்கையும் வீசுவான், இடையில் எல்லைக்கோட்டிலிருந்து பலமாக எறிந்துகொண்டும் இருப்பான். பந்து லேசானது, அதனால் வேகத்துக்காகக் கையை வீசி இழுப்பான். முழங்கை மடிவதைக் கண்டுகொள்ளாத நடுவர்களும் உண்டு. அது கிட்டத்தட்ட பேஸ்போல் எறி. டொமி ஜோனுக்கு அறுந்த அதே தசைநாருக்குத்தான் அங்கே சோதனை.

அமெரிக்கச் சிறுவர் பேஸ்போல் கழகம் 2007 முதல் இன்னிங்ஸ்களை எண்ணுவதை விட்டுப் பந்துகளை எண்ணுகிறது. 11, 12 வயதுக்கு நாளொன்றுக்கு 85 பந்து. 13 முதல் 16 வரை 95. எல்லையைத் தொட்டதும் பையன் வெளியே, இறுதியாட்டமாக இருந்தாலும் வெளியே. பந்துகளின் எண்ணிக்கைக்கேற்ப ஓய்வு நாட்களும் கட்டாயம்.

இதற்குக் காசு செலவில்லை. சுற்றுப்போட்டி நடத்தும் தோட்ட விளையாட்டுக் கழகங்களிடமும் பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்களிடமும் கேட்பது ஒன்றுதான். ஸ்கோர் ஏட்டில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒரு நிரல் கூட்டுங்கள்: இன்று இதுவரை வீசிய மொத்தப் பந்துகள். ஆட்டத்துக்கு ஆட்டம் அதை அழிக்காமல் மாலை வரை கூட்டிக்கொண்டே வாருங்கள். எல்லை எத்தனை என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே அணித்தலைவர்கள் எல்லாரும் கையொப்பமிட்டு முடிவு செய்யுங்கள். அரையிறுதி வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டால், எந்தத் தலைவரும் கையொப்பமிட மாட்டார்.